சமூக மறுசுழற்சி: மாணவர்களைச் சாதக பாதகங்களைச் சீர்தூக்கிப் பார்க்க வைப்பது எப்படி?

கேள்வி இது: "குடியிருப்பு அளவிலான மறுசுழற்சித் திட்டத்தின் சாதக பாதகங்களை எழுதுக" என்று எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டால் எல்லோரும் ஒரே பதிலை எழுதுகிறார்கள். சுற்றுச்சூழல் காக்கப்படும், வேலைவாய்ப்பு பெருகும், ஆனால் செலவாகும், மக்கள் ஒத்துழைக்க மாட்டார்கள். இவர்களை உண்மையிலேயே யோசிக்க வைக்க என்ன வழி?

பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. கேள்வி அப்படி இருக்கிறது. "மறுசுழற்சி நல்லதா" என்றால் விடை சுவரொட்டியிலேயே இருக்கிறதே! அலுமினியக் குளிர்பான டப்பாவும் பளபளக்கும் நொறுக்குத்தீனி உறையும் அந்த ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. முதலாவதில் ஆதாயம் மிகப் பெரிது, இரண்டாவதில் கைக்காசுதான் போகும். அதனால் கேள்வியை மூன்று இடத்தில் இறுக்குங்கள்: எந்தப் பொருள், எந்த வழியில் சேகரிப்பு, எதற்குப் பதிலாக. "300 வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பில் கண்ணாடியையும் காகிதத்தையும் வீடு வீடாகப் போய்த் தனியாக வாங்கலாமா, பொது இடத்தில் தொட்டி வைக்கலாமா, அல்லது இப்போதுபோல் எல்லாவற்றையும் குப்பைக் கிடங்குக்கே அனுப்பலாமா?" இப்படிக் கேட்டால் பட்டியல் எழுதித் தப்பிக்க முடியாது.

மூன்றில் பெரும்பாலும் விட்டுப்போவது "எதற்குப் பதிலாக" என்பது. மறுசுழற்சியின் செலவை மட்டும் பார்த்து "அதிகம்" என்பார்கள். குப்பையைக் கிடங்கில் கொட்டுவதற்கும் லாரி, டீசல், நிலம், ஆள் எல்லாம் வேண்டும். ஒப்பிட வேண்டியது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை. இதன் மறுபக்கமும் உண்டு: கண்ணாடிப் புட்டியை உடைத்து உருக்குவதை, அதே புட்டியைக் கழுவி மீண்டும் நிரப்புவதோடு ஒப்பிட்டால் மறுசுழற்சி பல நேரங்களில் பின்தங்கிவிடும். எதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோமோ அதைப் பொறுத்துச் சாதகமே பாதகமாக மாறும் என்பதை முதல் வகுப்பிலேயே பலகையில் எழுதிக் காட்டிவிடுங்கள்.

அடுத்தது அளவு. எண் இல்லாமல் எடைபோட முடியாது, அந்த எண்ணைப் பிள்ளைகளே எடுக்க வேண்டும். பள்ளியிலோ, சம்மதிக்கும் இருபது வீடுகளிலோ ஒரு வாரத்து உலர் குப்பையைச் சேர்த்து ஒரு தணிக்கை செய்யுங்கள். தேவைப்படுபவை: இரண்டுக்கு மூன்று மீட்டர் தார்ப்பாய், தடித்த ரப்பர் கையுறை, இடுக்கி, ஒரே அளவிலான 10 லிட்டர் வாளிகள் எட்டு, 10 கிராம் வரை துல்லியமாகக் காட்டும் டிஜிட்டல் தராசு. ஊசி, மருந்து, மின்கலம், குழல்விளக்கு, குழந்தைகளின் டயப்பர், உடைந்த கண்ணாடி ஆகியவை வகுப்புக்கு வரக்கூடாது என்று முன்கூட்டியே எழுதி அனுப்புங்கள். வந்துவிட்டால் ஆசிரியர் மட்டுமே இடுக்கியால் எடுத்துத் தனியே வைக்க வேண்டும்.

வேலை இந்த வரிசையில் நடக்கட்டும்:

1. காலி வாளியை எடைபோட்டு, எடையை வாளியின் மேலேயே எழுதுங்கள்.
2. பிரிக்கும் முன் மொத்தக் குப்பையின் எடையைக் குறியுங்கள்.
3. காகிதம், அட்டை, கண்ணாடி, இரும்பு, அலுமினியம், புட்டி வகைப் பிளாஸ்டிக், மற்ற பிளாஸ்டிக், சேராதவை என எட்டாகப் பிரியுங்கள்.
4. ஒவ்வொரு வகைக்கும் எடையையும், எத்தனை வாளி நிரம்பியது என்பதையும் எழுதுங்கள். அமுக்கக்கூடாது.
5. ஒவ்வொரு வகைக்குள்ளும் சுத்தமானது, அழுக்கானது என்று மறுபடி பிரித்து எடைபோடுங்கள்.

நாலாவது படியில்தான் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். வாளிக் கணக்கில் பிளாஸ்டிக் முதலிடம் பிடிக்கும், எடைக் கணக்கில் கண்ணாடியும் காகிதமும் முந்திக்கொள்ளும். ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டி ஏறக்குறைய 25 முதல் 30 கிராம்தான். ஒரு கிலோ சேர 35, 40 புட்டிகள் வேண்டும், அதற்குள் பல வாளி நிரம்பிவிடும். லாரிக்கு வாடகை கொடுப்பது பெரும்பாலும் இடத்துக்கு, ஆலை விலை கொடுப்பது எடைக்கு. பிளாஸ்டிக் சேகரிப்பு ஏன் கட்டுபடியாவதில்லை என்பதற்குப் பாதி விளக்கம் இந்த ஒரு வரியில் இருக்கிறது. "மறுசுழற்சி விகிதம் இத்தனை விழுக்காடு" என்று எடையை வைத்துச் சொல்லும் திட்டங்கள் கனமான பொருளைத் தேடி ஓடும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம்.

தணிக்கையில் வழக்கமாகக் கெடும் இடங்கள் சில. புட்டிக்குள் மிச்சமிருக்கும் திரவம் எடையைப் பல மடங்காக்கும்: 28 கிராம் புட்டியில் 50 மில்லி நீர் இருந்தாலே கணக்கு மூன்று பங்காகிவிடும். நனைந்த காகிதமும் அப்படியே. 50 கிலோ தாங்கும் பெரிய தராசில் 30 கிராம் தெரியவே தெரியாது. விழா நாள் வந்த வாரத்தை எடுத்து அதை 52ஆல் பெருக்கினால் ஆண்டுக் கணக்கு அபத்தமாகும். எட்டாவது பிரிவான சேராதவையையும் மற்ற ஏழிலும் உள்ள அழுக்கையும் சேர்த்து, மொத்த எடையால் வகுத்து, 100ஆல் பெருக்கினால் வருவது கலப்பட விகிதம். மொத்தம் 12.4 கிலோ, வேண்டாதது 1.9 கிலோ என்றால் 15.3 விழுக்காடு. இந்த எண்ணைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

இனி பொருள் பொருளாக. பிள்ளைகள் வாதத்துக்கு எடுக்க வேண்டிய சரக்கு இங்கேதான் இருப்பதால் அவசரப்படாதீர்கள்.

அலுமினியத்தைப் பாக்சைட்டிலிருந்து எடுப்பதைவிடப் பழையதை உருக்குவதற்குச் சுமார் 95 விழுக்காடு குறைவான ஆற்றல் போதும். தாதுவிலிருந்து ஒரு கிலோ உலோகம் எடுக்க மின்னாற்பகுப்புக்கு மட்டுமே ஏறத்தாழ 14 யூனிட் மின்சாரம் வேண்டும். இதற்கு எதிராக வாதாடுவது கடினம், கடினமாகவே இருக்கட்டும். எல்லாப் பொருளுக்கும் இரு பக்கமும் சமம் என்று காட்டத் தேவையில்லை.

இரும்பும் தெளிவான கணக்குதான், போதாததற்குக் காந்தத்தால் பிரிக்கவும் எளிது. கண்ணாடியில் நிலைமை இழுபறி. உலையில் 10 விழுக்காடு கண்ணாடிச் சில்லு சேர்த்தால் எரிசக்தி 2.5 முதல் 3 விழுக்காடு வரை குறையும். சோடா உப்பும் சுண்ணாம்புக்கல்லும் சூடாகும்போது விடும் கரியமில வாயுவும் அந்த அளவுக்கு மிச்சம். ஆனால் கண்ணாடி கனம், ஆலை தூரமானால் போக்குவரத்து ஆதாயத்தைத் தின்றுவிடும். பீங்கான் துண்டு ஒன்று உள்ளே போனால் உலையில் உருகாமல் புதுப் புட்டியில் கல்லாக நிற்கும், அந்தப் புட்டி அதே இடத்தில் விரிசல் விடும். சமையலறையில் உள்ள வெப்பம் தாங்கும் கண்ணாடியும் அப்படித்தான், பார்த்தால் கண்ணாடி மாதிரியே இருப்பதால் தொல்லை அதிகம்.

காகித இழை ஒவ்வொரு சுற்றிலும் சிறுத்துப்போகும். ஐந்து முதல் ஏழு முறைக்கு மேல் தாங்காது, புது இழை சேர்த்தே ஆக வேண்டும். எண்ணெய் பட்ட காகிதத்தை ஏன் வாங்குவதில்லை என்பதைச் செய்தே காட்டலாம். மூடியுள்ள இரண்டு ஜாடிகளில் அரை லிட்டர் வெந்நீர் ஊற்றி, 10 கிராம் செய்தித்தாளைப் பொடியாகக் கிழித்துப் போட்டு, ஒன்றில் மட்டும் ஒரு தேக்கரண்டி சமையல் எண்ணெய் விட்டு, ஐந்து நிமிடம் குலுக்குங்கள். இரண்டு கூழையும் மெல்லிய துணியில் வடித்துத் தட்டிக் காயவையுங்கள். எண்ணெய் பட்ட தாளில் ஒளி ஊடுருவும் திட்டுகள் தெரியும், அந்த இடத்தில் மை சரியாக ஊறாது.

பிளாஸ்டிக்கில்தான் அதிகம் குழம்புவார்கள். முக்கோண அம்புக்குறிக்குள் 1 முதல் 7 வரை உள்ள எண், 1988இல் அமெரிக்கப் பிளாஸ்டிக் தொழில்துறை அமைப்பு கொண்டுவந்த பிசின் குறியீடு. பொருள் எந்த வகைப் பிளாஸ்டிக் என்று மட்டுமே அது சொல்லும், மறுசுழற்சி ஆகும் என்று உறுதி கொடுக்காது. அம்புக்குறியைப் பார்த்து ஏமாறாத பெரியவர்களே குறைவு. இதை நிரூபிக்க வாளித் தண்ணீர் போதும். தண்ணீர்ப் புட்டியின் உடலையும் மூடியையும் ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டித் தண்ணீரில் போடுங்கள். புட்டி பெட் என்ற பிளாஸ்டிக், அடர்த்தி சுமார் 1.38, மூழ்கும். மூடி பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரொப்பிலீன், அடர்த்தி 0.90 முதல் 0.96 வரை, மிதக்கும். ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு விட மறந்தால் பெட் துண்டுகளும் காற்றுக்குமிழியில் தொற்றி மிதந்து சோதனையைக் கெடுத்துவிடும். நுரைக்காத பாலிஸ்டைரீன் துண்டு, அடர்த்தி 1.05, சாதாரணத் தண்ணீரில் மூழ்கும். 900 மில்லி நீரில் 100 கிராம் உப்பைக் கரைத்தால் மேலே வரும்.

இப்போது பிவிசி என்ற இன்னொரு வகைப் பிளாஸ்டிக் துண்டு ஒன்றைப் போடச் சொல்லுங்கள். அதுவும் பெட்டோடு சேர்ந்து அடியில் போய் நிற்கும். தண்ணீரால் இரண்டையும் பிரிக்க முடியாது. பெட்டை உருக்கும் 260 பாகை செல்சியஸ் வெப்பத்தில் பிவிசி சிதைந்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விடும், பெட் நிறம் மாறி வலு குறையும். மிகச் சிறிய அளவு பிவிசி ஒரு பெரிய சுமையின் தரத்தையே கெடுத்துவிடும். "எதற்கும் போட்டு வைப்போம், அவர்களே பிரித்துக்கொள்வார்கள்" என்ற நல்லெண்ணம் எங்கே போய் முடிகிறது என்று பிள்ளைகளுக்குக் கண்ணெதிரே தெரியும். மெல்லிய பைகள் பிரிப்பு எந்திரத்தின் சுழல் தட்டுகளில் சுற்றிக்கொண்டு வேலையை நிறுத்துவதையும், லித்தியம் மின்கலம் நசுங்கினால் தீப்பிடிப்பதையும் வாயால் சொன்னால் போதும், செய்து காட்ட வேண்டாம்.

கலப்பட விகிதத்துக்கு வருவோம். பணக்கணக்கில் அது என்ன செய்கிறது என்பதை ஒரே பக்கத்தில் போட்டுக் காட்டலாம். எண்கள் கற்பனையானவை என்று சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். ஒரு டன்னைத் தனியாகச் சேகரித்துப் பிரிக்க, சாதாரணக் குப்பை வண்டிச் செலவுக்கு மேல் கூடுதலாக ஆவது 100 பண அலகு. சுத்தமான சரக்கு டன்னுக்கு 70க்கு விலைபோகும். கிடங்கில் கொட்டினால் டன்னுக்கு 45 கட்டணம், அது மிச்சம். கலப்படம் 10 விழுக்காடு என்றால் நல்ல சரக்கு 0.9 டன். விற்பனை 63, மிச்சமாகும் கட்டணம் 40.5, மொத்தம் 103.5. மூன்றரை அலகு லாபம். கலப்படம் 20 ஆனால் வரவு 92, நட்டம் 8. ஏறத்தாழ 13 விழுக்காட்டில் வரவும் செலவும் சமமாகும். தங்கள் தணிக்கையில் வந்த 15.3ஐ இங்கே பொருத்திப் பார்க்கும்போது வகுப்பில் சத்தம் அடங்கும். பிறகு விலையைப் பாதியாக்கி, 35 என்று போடச் சொல்லுங்கள். கலப்படம் வெறும் 10 விழுக்காடாக இருந்தாலும் வரவு 72தான், 28 நட்டம்.

இதில் மாணவர்கள் செய்யும் தவறு ஒன்று அடிக்கடி வரும். கழித்துத் தள்ளிய 0.1 டன்னுக்குக் கிடங்குக் கட்டணத்தை மறுபடி ஒருமுறை செலவில் சேர்ப்பார்கள். மிச்சத்தை 0.9 டன்னுக்கு மட்டுமே எடுத்தபோதே அது கணக்கில் வந்துவிட்டது, இரண்டாம் முறை கழிக்கக்கூடாது.

விலை பாதியாவது வெறும் பாடக்கணக்கு என்று நினைக்க வேண்டாம். உலகின் பிளாஸ்டிக், காகிதக் கழிவில் பெரும்பங்கை வாங்கிவந்த சீனா, 2017இல் அறிவித்து 2018 தொடக்கத்தில் பல வகைக் கழிவுகளுக்குத் தடை போட்டது. அனுமதித்தவற்றிலும் கலப்படம் 0.5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்றது. அதற்குப் பிறகு பல நாடுகளில் நகராட்சிகள் அதுவரை விற்றுவந்த சரக்கை எடுத்துப்போகச் சொல்லிக் காசு கொடுக்க வேண்டியதாயிற்று, சில இடங்களில் திட்டமே நின்றது. மறுசுழற்சி ஒரு சந்தையையும் நம்பி நிற்கிறது என்பதற்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைக்காது. கூடவே இன்னொரு எண்: 2015 வரை உலகில் உருவான பிளாஸ்டிக் கழிவில் மறுசுழற்சியானது சுமார் 9 விழுக்காடு என்று 2017இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. இந்த 9ஐச் சொல்லி "மறுசுழற்சியே பொய்" என்று ஒரு மாணவர் நிச்சயம் எழுந்து நிற்பார். பிளாஸ்டிக்குக்கு உரிய எண்ணை அலுமினியத்துக்குப் பேசலாமா என்று மற்றவர்களே கேட்கும்வரை காத்திருங்கள்.

சேகரிக்கும் வழியைப் பற்றி ஒரு கணக்கு. ஒருவர் பொதுத் தொட்டிக்குப் போய்வர மூன்று கிலோமீட்டர் கார் ஓட்டுகிறார், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் வண்டி. பெட்ரோல் 0.2 லிட்டர், ஏறத்தாழ 6.4 மெகாஜூல் ஆற்றல். ஒரு கிலோ கண்ணாடிச் சில்லு உலையில் மிச்சப்படுத்துவது சுமார் 1.2 மெகாஜூல். ஆக ஐந்து கிலோவுக்கு மேல், அதாவது அரைக் கிலோப் புட்டி குறைந்தது பதினொன்று கொண்டுபோனால்தான் உலைக் கணக்கில் ஈடாகும். அதே பயணத்துக்கு அலுமினிய டப்பா ஒன்பது போதும், எல்லாம் சேர்த்து 135 கிராம்தான். வேறு வேலையாகப் போகிறவர் வழியில் போட்டுவிட்டு வந்தால்? நடந்து போனால்? பிள்ளைகளே மாற்றிப் போட்டுப் பார்க்கட்டும். எல்லா உலர் பொருளையும் ஒரே தொட்டியில் வாங்கினால் கூடுதலாகச் சேரும், கலப்படமும் கூடும். தனித்தனியாகக் கேட்டால் சுத்தமாக வரும், ஆனால் குறைவாக வரும். இரண்டில் எது மேல் என்பதை மேலே போட்ட 13 விழுக்காட்டுக் கணக்கோடு சேர்த்துத்தான் முடிவுசெய்ய முடியும்.

பணமும் ஆற்றலும் முடிந்ததும் யாருக்கு என்ற கேள்வி. பலகையில் ஆட்களை எழுதுங்கள்: வீட்டில் கழுவிப் பிரிப்பவர், வண்டி ஓட்டுபவர், நகராட்சி, ஆலை, ஆலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர், கிடங்குக்குப் பக்கத்தில் குடியிருப்பவர், குப்பை பொறுக்கிப் பிழைப்பவர். கடைசியில் சொன்னவரைப் பிள்ளைகள் தாங்களாகச் சேர்ப்பது அரிது. விலைபோகும் பொருளைப் புதுத் திட்டம் வாரிக்கொண்டால் அவர் வருமானம் போகும், அவரையே திட்டத்தில் சேர்த்தால் கையுறையும் நிலையான கூலியும் கிடைக்கலாம். ஒரே திட்டம், இரண்டு விளைவு. வீட்டுவேலைக் கணக்கையும் விடாதீர்கள்: நாளுக்கு நாலு நிமிடம் என்றால் ஆண்டுக்கு 24 மணி நேரத்துக்கு மேல், அதை யார் செய்கிறார்கள் என்று கேட்டால் வகுப்பில் சுவாரசியமான பதில்கள் வரும்.

விவாதத்துக்கு முன் ஒரு சிறு பயிற்சி. மாணவர்கள் எழுதிய வாதங்களை அட்டைகளில் ஒட்டி, சோதித்துப் பார்க்கக்கூடிய தகவல், எதிர்காலக் கணிப்பு, விருப்பம் அல்லது நியாயம் என மூன்று குவியலாகப் பிரிக்கச் சொல்லுங்கள். "மக்கள் ஒத்துழைக்க மாட்டார்கள்" என்பது கணிப்பு, அதை வைத்து அடித்துப் பேச முடியாது, மூன்று மாதம் வைத்துப் பார்க்கத்தான் முடியும். "அடுத்த தலைமுறைக்கு நிலம் மிஞ்ச வேண்டும்" என்பது நியாயம், கிலோக் கணக்கால் அதை நிரூபிக்கவும் முடியாது, தோற்கடிக்கவும் முடியாது. பாதிச் சண்டைகள் இந்தக் குவியல்கள் கலந்துபோவதால் வருபவை. விவாதத்தின் நடுவில் அணிகளை மாற்றுங்கள், முன்பு தான் சொன்ன வாதத்தையே முறியடிக்க வேண்டும் என்று விதி வையுங்கள்.

ஒவ்வொரு அம்சத்துக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டுக் கூட்டும் அட்டவணை பல பாடத்திட்டங்களில் இருக்கிறது. அதைத் தனியாக நம்ப வேண்டாம். பிடித்த முடிவு வரும்வரை மாணவர்கள் எண்ணை மாற்றுவார்கள், பிறகு "61க்கு 58, ஆகவே முதலாவது" என்று துல்லியம் பேசுவார்கள். பயன்படுத்தியே ஆக வேண்டுமானால் எந்த ஓர் எண்ணை எவ்வளவு மாற்றினால் முடிவு தலைகீழாகிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அட்டவணையில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

ஒரு பக்க அறிக்கையை வைத்து மதிப்பிடுங்கள். அதில் நான்கு இருக்க வேண்டும்: முடிவு, அதற்கு எதிரான மிக வலுவான இரண்டு வாதங்கள், எந்த நிலைமையில் முடிவை மாற்றிக்கொள்வேன் என்பது, ஆறு மாதம் கழித்து எதை அளந்தால் தெரியும் என்பது. மதிப்பெண்ணில் பாதியைக் கடைசி இரண்டுக்கு ஒதுக்குங்கள். "மறுசுழற்சி நல்லது, ஆனால் செலவு அதிகம்" என்ற வரிக்கு மதிப்பெண் கிடையாது. "அலுமினியத்தையும் அட்டையையும் இப்போதே தொடங்கலாம், கண்ணாடியை 50 கிலோமீட்டருக்குள் ஆலை இருந்தால் மட்டும், கலப்படம் 13 விழுக்காட்டைத் தாண்டினால் ஒற்றைத் தொட்டியைக் கைவிட வேண்டும்" என்ற வரியில் எதிர்க்க இடமிருக்கிறது, சரிபார்க்க வழியும் இருக்கிறது. முடிவு நீங்கள் நினைப்பதற்கு நேர்மாறாக இருந்தாலும் முழு மதிப்பெண் கிடைக்கும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் ஆசிரியருக்கு எது பிடிக்கும் என்று முகம் பார்த்தே எழுதுவார்கள்.

45 நிமிடப் பாடவேளை ஆறு இருந்தால் கேள்வியை இறுக்க ஒன்று, தணிக்கைக்கு இரண்டு, சோதனைகளுக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று, விவாதத்துக்கு ஒன்று; அறிக்கையை வீட்டில் எழுதட்டும். கூழ்த் தாள் காய ஒரு நாளாகும், அதைக் கணக்குப் பாடவேளைக்கு முந்தைய நாள் செய்யுங்கள். இரண்டே பாடவேளைதான் என்றால் விவாதத்தை விட்டுவிட்டு, ஒன்றில் வாளித் தண்ணீர்ச் சோதனையும் மற்றதில் பணக்கணக்கும் எடுங்கள். தணிக்கைக்கு நேரமில்லாவிட்டால் பள்ளியின் ஒரு நாள் குப்பைத்தொட்டி ஒன்றை மட்டும் கொட்டி அளந்தாலும் கலப்பட விகிதம் கிடைத்துவிடும். அந்த எண்ணின் பக்கத்தில் "ஒரு தொட்டி, ஒரு நாள்" என்று எழுத வைத்துவிடுங்கள்.